தொட்ட கத்தி

அதைக் கீழ வச்சிருங்க தம்பி. ஆமா, நீளமா, பளபளன்னு இருக்கே, அதைத்தான். கையில எடுத்ததும் உங்க மொகம் அப்படியே மலருது. மொகத்தை மலர வைக்கிற கத்தி வேலைக்கு ஆகாது. எனக்கும் அப்படித்தான் மலர்ந்துச்சு. அதுக்கப்புறம் மூணு வருசமா மலரவே இல்ல.

உக்காருங்க. ஆசாரி இப்பத்தான் உலையில ஒரு இரும்பை வச்சிருக்காரு. அதை அடிச்சு முடிக்கிற வரைக்கும் கலெக்டரே வந்தாலும் திரும்ப மாட்டாரு. அந்தக் கட்டை மேல வேணாம், அது அவரு உக்கார்ற எடம். இந்தச் சாக்குல உக்காருங்க. கோயமுத்தூரா? காரைப் பாத்தப்பவே நெனச்சேன். வேட்டைக் கத்தி வேணும்னு கேட்டீங்களே, என்ன வேட்டை ஆடுறீங்க? ஆடுறதில்லையா. சுவத்துல மாட்டவா? சரி சரி, அதுவும் ஒரு தேவைதான். சுவருக்கும் என்னமாச்சும் வேணும்ல.

ஆனா நல்ல ஆளுகிட்டதான் வந்து உக்காந்திருக்கீங்க. எம் பேரு அடைக்கலம். எங்க ஊரு பாரி வேட்டைக்கு இருபத்திரண்டு வருசம் கத்தி புடிச்சவன். ஊருக்குள்ள வந்து கத்திக்கார வீடு எதுன்னு கேட்டா சின்னப்புள்ளகூட எங்க வீட்டைக் காட்டும். இப்பப் போயிக் கேட்டுறாதீங்க. இப்ப வேற வீட்டைக் காட்டுவாங்க. அந்த வயித்தெரிச்சலத்தான் சொல்ல வாரேன்.

பாரி வேட்டைன்னா என்னன்னு தெரியுமா? மாசிச் சிவராத்திரிக்கு மறுநாள் ஊர் ஆம்பளைங்க அம்புட்டுப் பேரும் கம்பும் நாயுமா ஊருக்கு வெளிய இருக்கிற பாறைக் கரட்டுக்குப் போவோம். முன்னெல்லாம் முயலை அடிச்சு, அங்கனயே உரிச்சு, குடும்பத்துக்கு ஒரு பங்குன்னு பிரிச்சுக் கொண்டாருவாங்க. அடிச்சதை முழு உடம்பா ஊர் எல்லைக்குள்ள கொண்டாரக் கூடாது, பங்கு போட்டுத்தான் கொண்டாரணும். அது சாமி கட்டளை. அப்புறம் ஒரு வருசம் வனத்துறை ஆளுக வந்து, முயலைத் தொட்டா ஜெயிலுன்னு சொல்லிட்டுப் போனாங்க. நியாயந்தான். கரட்டுல மிஞ்சியிருந்ததே ஏழெட்டு முயலு. ஆனா சாமிக்கு யாரு போயிச் சொல்றது? ஊர் கூடி ரெண்டு நாள் பேசி, முயலுக்குப் பதிலா ஒரு வெள்ளாட்டுக் கிடாய்னு முடிவாச்சு. அதுலயும் ஒரு கட்டுப்பாடு. அன்னைக்கு ஒரு நாள் அது முயலு. கிடாய்னு எவனாச்சும் வாய் தவறிச் சொல்லிட்டா சாமிக்கு ஒரு தேங்கா அபராதம்.

சிரிக்கிறீங்க. நீங்க நேர்ல பாத்தா இன்னும் சிரிப்பீங்க. காலையிலயே கிடாயை, சே, முயலை, கொண்டுபோயிக் கரட்டுல விட்டுருவாங்க. அப்புறம் நாங்க அறுபது பேரு தேடிப் போவோம். உச்சிப் பொழுது வரைக்கும் தேடணும், அதுக்கு முன்னால அது ஆம்புடக் கூடாது. ஆனா அது வீட்டுல வளந்த சீவன். மனுசனைக் கண்டா ஓடி வந்துரும். நாங்க முன்னால தேடிக்கிட்டே போவோம், முயலு பின்னாலயே மே மேன்னு கத்திக்கிட்டு வரும். ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டோம். ஒரு வருசம் அது எங்க அம்பலகாரரு துண்டைத் தின்னுக்கிட்டே வந்துச்சு. ஊருக்கே பெரிய மனுசரு அவரு. துண்டை விடவும் முடியல, இழுக்கவும் முடியல. கண்ணுக்கு மேல கையை வச்சுத் தூரமாப் பாத்துக்கிட்டு, "ஒரு தடயமும் இல்லையேப்பா"ன்னு சொல்றாரு.

உச்சிக்கு வந்ததும் ஆம்புட்டுருச்சுன்னு கூச்சல் போடுவோம். பூசாரி அருவாளால ஒரே வெட்டு. அதோட அவரு வேலை முடிஞ்சுது. அதுக்கு மேலதான் கத்திக்காரன் வேலை. புளியமரத்துக் கிளையில பின்னங்காலைக் கட்டித் தொங்க விட்டு, தோலை உரிச்சு, வயித்தைத் திறந்து குடலை எடுத்து, மூட்டு மூட்டாப் பிரிச்சு, நாப்பத்தியொரு குடும்பத்துக்கு நாப்பத்தியொரு பங்கு. பனையோலைப் பட்டையில வச்சுக் குடுக்கணும். எல்லாம் ஒரே ஆளு, ஒரே கத்தி. தொட்ட கத்திதான் முடிக்கணும். நடுவுல வேற கத்தி எடுக்கக் கூடாது, தீட்டக் கூடாது, இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது. முடியாமப் போச்சுன்னா கத்திக்காரனே வாயத் தொறந்து 'முடியல'ன்னு சொல்லணும். சொல்லிட்டா அவ்வளவுதான். கத்தி புடிக்கிற உரிமை அடுத்த பங்காளி வீட்டுக்குப் போயிரும். அவன் எப்ப முடியலங்கிறானோ அப்பத்தான் திரும்பி வரும். கத்திக்காரனுக்குத்தான் கோயில்ல மொதப் பரிவட்டம். ஈரலும் அவனுக்குத்தான். எங்க அப்பா இருபது வருசம் கட்டுன பரிவட்டம் அது.

அதனால கத்தியைப் பாத்து எடுக்கணும். நீங்க சுவத்துல மாட்டுறதுக்கு எதுவும் மாட்டலாம், ஆணியையே மாட்டலாம். எனக்கு அப்படி இல்ல.

எங்க அப்பா வச்சுட்டுப் போன கத்தி ஒண்ணு இருந்துச்சு. லாரி வில்லுப் பட்டை இரும்புல அடிச்சது. பாக்க அசிங்கம் தம்பி, நெசமாவே அசிங்கம். கறுப்பா, கட்டையா, அஞ்சு விரக்கடை நீளம். பிடி புளியங்கட்டை, சொரசொரன்னு இருக்கும். முனைன்னு ஒண்ணே கிடையாது, எவனோ வேணும்னே மழுக்கி உருட்டி விட்ட மாதிரி. அதை வச்சுத்தான் இருபத்திரண்டு வருசம் ஓட்டுனேன். ஒண்ணரை மணி நேரத்துல முடிச்சுருவேன். அடைக்கலம் கை ராசின்னு ஊரே சொல்லும். மொத வருசம் மட்டும் குடல்ல ஒரு கீறல் விழுந்து, அறுபது பேரும் மூக்கைப் பொத்துனாங்க. அப்புறம் என்னமோ கை பழகிருச்சு. ஒரு கீறல் விழல, ஒரு மயிர் ஒட்டல.

மூணு வருசத்துக்கு முன்னால, எங்க ஊரு பயலுக வேட்டைப் படத்தை வாட்ஸப்புல போட்டு விட்டானுக. எம் மக பூங்கொடி நியூசிலாந்துல இருக்கா. மாப்பிள்ளை அதைப் பாத்துட்டு போன் போட்டாரு. "மாமா, கையில என்ன அது, தேங்கா சில்லு எடுக்கிறதா?"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. அவரு அந்த ஊர்ல சர்க்கார்கிட்ட சீட்டு வாங்கி மான் வேட்டைக்குப் போறவரு. விவரம் தெரிஞ்ச மனுசன். "உங்களுக்கு நான் ஒண்ணு அனுப்புறேன் மாமா"ன்னு அனுப்பிச்சாரு பாருங்க.

பெட்டியைத் தொறந்தா உள்ள வெல்வெட்டு. ஒரு சாணுக்கு மேல நாலு விரக்கடை நீளம். முகம் பாத்துச் சவரம் பண்ணலாம், அப்படி மினுங்குது. முதுகுப் பக்கம் ரம்பம் மாதிரிப் பல்லு. பிடி இரும்புக் குழாய். பிடியோட அடியில மூடி, மூடியில திசைகாட்டி. மூடியைத் திருகுனா உள்ள தீக்குச்சி, தூண்டிமுள்ளு, நூலு. எங்க கரட்டுல குடிக்கவே தண்ணி இல்ல, தூண்டிமுள்ளு எதுக்குன்னு நீங்க கேக்கலாம். எம் பொஞ்சாதியும் அதைத்தான் மொதல்ல கேட்டா.

எம் பொஞ்சாதி பேரு செகப்பி. நல்லவதான். ஆனா கத்தி விசயத்துல அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவ அப்பா சந்தையில கறிக்கடை வச்சிருந்தாரு, அந்த எண்ணத்துல பேசுவா. கறிக்கடைக்கும் வேட்டைக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க.

கத்தியைக் கையில வாங்கி ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தா. "இது ரொம்ப நீளம். வயித்தைக் கீறும்போது முனை உள்ள போயிக் குடல்ல ஏறிரும்"னா.

"வெள்ளைக்காரன் மான் உரிக்கிற கத்திடீ இது"ன்னேன்.

"மான் உரிக்கட்டும். இந்தப் பல்லு எதுக்கு? தோலுல மாட்டுனா மயிரெல்லாம் கறியில வந்து ஒட்டும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி, எனக்குத் தெரியாது. கையில கொஞ்சம் விளக்கெண்ணெயத் தடவிக்கிட்டு இந்தப் பிடியைப் புடிச்சுக் காட்டுங்க. அப்புறம் நான் பேசல."

நான் எண்ணெயெல்லாம் தடவல. தடவுனா வெல்வெட்டு பாழாப் போயிருமேன்னு. நான் என்ன பண்ணேன்னா, பதினஞ்சு நாளு செல்போன்ல வீடியோ பாத்தேன். ஒரு வெள்ளைக்காரரு, தாடி வச்சவரு, பனியில நின்னு மானை உரிக்கிறாரு. என்ன நிதானம், என்ன சுத்தம். அவரு கையில இருந்தது கட்டையா ஒரு சின்னக் கத்தி. பாவம், வசதி இல்லாத ஆளு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

இன்னொரு விசயம் சொல்ல மறந்துட்டேன். வேட்டைக்கு முன்னால மூணு நாளு கத்திக்காரன் காப்புக் கட்டிக் கோயில்லயே கிடக்கணும். ஒரு வேளைச் சாப்பாடு, வீட்டுப் பக்கமே வரக் கூடாது. எப்பவும் கத்தியை வீட்டுல சாமி படத்துக்கு முன்னால வச்சுட்டுத்தான் போவேன். வேட்டையன்னைக்குக் காலையில செகப்பி கோயில் வாசல் வரைக்கும் கொண்டுவந்து குடுப்பா. அந்த வருசம் நான் கத்தியைக் கையோட எடுத்துட்டுப் போயிட்டேன். கோயிலுக்கு வர்றவங்களுக்கெல்லாம் திசைகாட்டியைக் காட்டணும்ல. "வச்சுட்டுப் போங்களேன்"னு அவ கேட்டா. நான் கேக்கல. வாசல்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. என்னமோ பிடிவாதம்னு நெனச்சேன்.

வேட்டையன்னைக்கு வழக்கம்போலத் தேடுனோம், வழக்கம்போல முயலு பின்னாலயே வந்துச்சு. அதையும் அந்த வருசம் செகப்பிதான் வளத்தா, அதனால அது எங்கிட்டயே ஒட்டிக்கிட்டு நடந்துச்சு. உச்சிக்கு ஆம்புட்டுச்சு. பூசாரி வெட்டுனாரு. மரத்துல தொங்க விட்டாங்க. நான் பெட்டியைத் தொறந்து கத்தியை எடுத்தேன் பாருங்க, அறுபது பேரும் ஒரு நிமிசம் மூச்சு விடல. வெயில் பட்டு அது மினுங்குன மினுங்கல்ல ஒரு நாய் எழுந்து தள்ளிப் போயிருச்சு.

மொத அஞ்சு நிமிசம் அருமையாத்தான் போச்சு. அப்புறம் பின்னங்கால்ல தோலைக் கீறும்போது முதுகுப் பல்லு மாட்டிக்கிச்சு. இழுத்தேன். மயிரு பறந்துச்சு. சும்மா இல்ல, தலகாணி கிழிஞ்ச மாதிரி. கறி மேல பூராவும் ஒட்டிக்கிச்சு. "இந்தக் கிடாய்க்குத் தோலு கனம்"னு வாய் தவறிச் சொல்லிட்டேன். ஒரு தேங்கா. "இல்லப்பா, கிடாய்க்கு வயசு கூட"ன்னேன். இன்னொரு தேங்கா. அன்னைக்கு மட்டும் நான் பதினோரு தேங்கா கட்டுனேன். ஊர் வரலாத்துலயே அப்படி நடந்ததில்ல.

அப்புறம் வயிறு. வீடியோவுல பாத்த மாதிரியே ரெண்டு விரலை உள்ள விட்டு, நடுவுல கத்தியை வச்சுக் கீழ இறக்குனேன். வெள்ளைக்காரருக்கு இறங்குச்சு. எனக்கு முனை நேரா குடலுக்குள்ள போயிருச்சு. நாத்தம் சொல்லி மாளாது. அம்பலகாரரு துண்டை எடுத்து மூக்கைப் பொத்துனாரு. ஈரலைப் பிரிக்கையில பித்தப்பை உடைஞ்சு, ஈரல் பூராவும் பச்சை. கையெல்லாம் கொழுப்பு, இரும்புப் பிடி வழுக்குது, மீனைப் புடிச்ச மாதிரி. அழுத்திப் புடிச்சேன். மூடி கழண்டு திசைகாட்டி பொத்துன்னு குடல் தட்டுக்குள்ள விழுந்துச்சு. அதை எடுக்காம விட்டா யாரு பங்குலயாவது போயிருமேன்னு எல்லாரும் குனிஞ்சு தேடுறாங்க. எம் பங்காளி வீரணன்தான் கையை விட்டு எடுத்தான். எங்க சித்தப்பா மகன். துண்டுல தொடச்சு, உள்ளங்கையில வச்சுப் பாத்துட்டு, "அண்ணே, வடக்கு இந்தப் பக்கம்"னான்.

அவன் வேணும்னேதான் சொன்னான். இன்னைக்கு வரைக்கும் இல்லங்கிறான்.

கடைசியாத் தொடை மூட்டு. கத்தியை உள்ள விட்டு ஒரு நெம்பு நெம்புனேன். பிடி என் கையில இருக்கு, கத்தி மூட்டுல நிக்குது. உள்ள குழாய்தானே, இரும்பு பிடிக்குள்ள முழுசா ஓடல. ரெண்டு விரக்கடைதான் ஓடியிருக்கு. அவ்வளவுதான். முக்கா முயலு மரத்துல தொங்குது.

இப்ப நான் 'முடியல'ன்னு சொல்லணும். ஒரே வார்த்தை. மணி ஒண்ணு இருக்கும். நான் சொல்லல.

கத்தியோட இரும்பைத் துண்டுல சுத்திப் புடிச்சு அறுத்துப் பாத்தேன். விரலு கிழிஞ்சுச்சு. மணி ரெண்டாச்சு. அம்பலகாரரு பக்கத்துல வந்து, "அடைக்கலம், ஒரு வார்த்தைதானப்பா"ன்னாரு. "இந்தா முடிஞ்சுருங்கய்யா"ன்னேன். மணி மூணு. பாதிப் பேரு நெழல்ல படுத்துட்டாங்க. நாலஞ்சு காக்கா கிளையில வந்து உக்காந்து எங்களை மாதிரியே காத்துக்கிட்டு இருந்துச்சு. பொம்பளைங்க வேட்டைக் காட்டுக்குள்ள வரக் கூடாது. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் மசாலா அரைச்சு, சோத்தை வடிச்சு வச்சுட்டு நாப்பத்தியொரு சட்டியோட நிக்கிறாங்க. தண்ணி கொண்டாரப் போன ஆளு திரும்பி வந்து, எங்கிட்டக் குனிஞ்சு, "செகப்பி மதினி சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டு வாங்களாம், சோறு ஆறிப் போச்சாம்"னான்.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தம்பி. பொய் சொல்லல. எங்க அப்பா ஞாபகம் வந்துச்சு. பரிவட்டம் ஞாபகம் வந்துச்சு. நாலு மணிக்குச் சொன்னேன். எவ்வளவு மெதுவாச் சொன்னேன்னா, அம்பலகாரரு "என்ன?"ன்னு கேட்டு மறுபடியும் சொல்ல வச்சாரு.

வீரணன் வேட்டியில செருகியிருந்த ஒரு கத்தியை எடுத்தான். கட்டையா, கறுப்பா, எங்க அப்பா கத்தி மாதிரியே. அரை மணி நேரம். மீதி எல்லாத்தையும் பிரிச்சு முடிச்சுட்டான். மயிரைக்கூட ஒவ்வொண்ணாப் பொறுக்கிட்டான். பரிவட்டம் அவன் தலைக்குப் போச்சு.

தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க. மாப்பிள்ளை அனுப்புனது தப்பு. அந்த முயலுக்கு வயசு கூட, அது ஒரு தப்பு. வெயிலு வேற. நான் எத்தனை பேரைத்தான் குத்தம் சொல்றது, விட்டுட்டேன்.

ஆனா நான் சொல்ல வந்த வயித்தெரிச்சலு இது இல்ல. அடுத்த வருசம் மாசி மாசம். காப்புக் கட்டுற அன்னைக்கு நான் வீட்டுல சும்மா இருக்கேன். இருபத்திரண்டு வருசத்துல மொதத் தடவை அந்த மூணு நாளும் வீட்டுல இருக்கேன். வீரணன் காப்புக் கட்டப் போறதுக்கு முன்னால நேரா எங்க வீட்டுக்கு வாரான். எங்கிட்ட வரல. கொல்லைப் பக்கம் போயி, "மதினி, இந்தாங்க. அண்ணன் கத்திக்கு வைப்பீங்களே, அதே பதம் வச்சுக் குடுங்க"ன்னு கத்தியை நீட்டுறான்.

அண்ணன் கத்திக்கா? எனக்கு ஒண்ணும் விளங்கல. பாத்தா, செகப்பி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல ஒரு சாணைக் கல்லை எடுத்துப் போடுறா. அந்தக் கல்லை நான் அம்மி வைக்க முட்டுக் குடுக்கிற கல்லுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். தண்ணியைத் தெளிச்சு, சர்ரு சர்ருன்னு ஒரு மணி நேரம். நடுவுல கட்டை விரலைக் குறுக்க வச்சுப் பாக்குறா, மறுபடி தீட்டுறா. முனையைக் கல்லுல வச்சு உருட்டி மழுக்குறா. நான் நின்ன எடத்துலயே நிக்கிறேன்.

"இதென்ன?"ன்னேன்.

"முனை கூரா இருந்தா குடல்ல ஏறும்ங்க. உங்க கத்திக்கும் இப்படித்தான் மழுக்கி விட்டேன். நம்ம கல்யாணம் ஆன மொத வருசம் குடல் கிழிஞ்சுச்சுல்ல, அதுக்கப்புறம்."

இருபத்தொரு வருசம் தம்பி. நான் கோயில்ல காப்புக் கட்டிக் கிடக்க, இவ இங்க கல்லுல தேச்சுக்கிட்டு இருந்திருக்கா. சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கு. பக்கத்து வீடு வீரணன் வீடு. அவன் பொஞ்சாதி சொல்லி ஊருக்கே தெரியும். கை ராசிக்காரனுக்கு மட்டும் தெரியல.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"ன்னு கேட்டேன்.

அவ கத்தியிலருந்து கண்ணை எடுக்கல. "சொன்னா உங்க கையில வெட்டாது"ன்னா.

அது என்ன பதில்னு எனக்கு இன்னும் புரியல. யோசிச்சுப் பாருங்க, உங்களுக்குப் புரிஞ்சா சொல்லுங்க. எனக்குக் கோவம் வந்துருச்சு. "பங்காளி கத்தியைத் தீட்டுறியே, நீ யாரு வீட்டுப் பொம்பளை?"ன்னு கத்துனேன். "நாப்பத்தியொரு வீட்டுச் சட்டி காத்துக்கிட்டு நின்னுச்சு போன வருசம். அதுல நம்ம சட்டியும் ஒண்ணு"ன்னா. சொல்லிட்டுத் தீட்டிக்கிட்டே இருந்தா. எங்க அப்பா கத்தியை மட்டும் அவனுக்குக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அதுல நான் செயிச்சேன். இப்ப அதுல அவ தேங்கா சில்லு எடுக்கிறா.

வீரணன் அன்னைக்கு ஒண்ணேகால் மணி நேரத்துல முடிச்சான். முடிச்சுட்டுச் சும்மா இருந்தானா? கத்தியைத் தூக்கிப் புடிச்சு, "இது செகப்பி மதினி வச்ச பதம்"னு ஊருக்கே கேக்கச் சொன்னான். அறுபது பேரும் ஆமா ஆமாங்கிறான். ஈரல்ல பாதியை எங்க வீட்டுக்கு அனுப்பி வச்சான். நான் திங்கிறதில்லன்னுதான் இருந்தேன். அப்புறம் ஈரலுக்கு என்ன தெரியும், யாரு குடுத்து விட்டதுன்னு. தின்னேன். ரெண்டு வருசமாத் தின்னுக்கிட்டுத்தான் இருக்கேன்.

இப்ப எதுக்கு இங்க வந்து உக்காந்திருக்கேன்னு கேக்கலையே நீங்க. நான் கத்தி வாங்க வந்திருக்கேன். எனக்கில்ல. வீரணனுக்கு.

அவன் கத்தி தேஞ்சு போச்சு. "இதுல இனிமே பதம் ஏறாது, புதுசு வாங்கணும்"னு செகப்பி சொல்லிட்டா. அவன் கரும்பு வெட்டுக்குப் போயிருக்கான். "நீங்க போயிப் பாத்து வாங்கிட்டு வாங்க, இனிமே உங்களுக்குக் கத்தி தெரியும்"னா. இந்தா பாருங்க, இந்த ஓலை நறுக்கு. இந்த நீளத்துக்கு மேல ஒரு நெல்லு கூடக் கூடாதாம். கத்தியோட வயிறு, வெட்டுற பக்கம், கொஞ்சம் வளைஞ்சிருக்கணும், அப்பத்தான் தோலுக்கும் கறிக்கும் நடுவுல வழுக்கிக்கிட்டுப் போகும். முதுகு தடிமனா இருக்கணும். இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் ஓடணும். பிடி வழவழன்னு இருக்கக் கூடாது. உங்களுக்கு இவ்வளவு நேரம் நான் சொன்னதெல்லாம் சரிதான், அவளும் அதையேதான் சொல்றா.

ஆசாரி காலையிலயே ரெண்டு கத்தியை எடுத்து வச்சுட்டாரு. இந்தா இருக்கு. பாருங்க, ரெண்டும் ஒரே அச்சு. ஓலைக்கு ரெண்டும் சரியா இருக்கு. வித்தியாசம் தெரியுதா? தெரியாது. இதைச் சுண்டிப் பாருங்க. கிண்ணுன்னு நீளமாக் கேக்குதுல்ல? இப்ப இதை. டொக்குன்னு நின்னுருது. இது தண்ணியில தோய்ச்சப்பவே கெட்டுப் போச்சு, உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கு. ஆசாரியே சொன்னாரு. பதம் நல்லா ஏறும், மீசை எடுக்கலாம், ஆனா மூட்டுல வச்சு ஒரு நெம்பு நெம்புனா ரெண்டாப் போயிரும்னாரு. உருக்கிறதுக்காகத் தனியாப் போட்டிருந்தாரு. நான்தான் ரெண்டையும் கையில வாங்கிட்டு வந்து உக்காந்தேன்.

காலையிலருந்து உக்காந்திருக்கேன்.

நீங்க என்னைத் தப்பா நெனச்சாலும் சரி. இந்த டொக்குக் கத்தியை வாங்கிட்டுப் போனா அடுத்த மாசம் அந்தப் புளியமரத்தடியில வீரணன் நிப்பான். கத்தி மூட்டுல ஒடிஞ்சு நிக்கும். அவன் வாயத் தொறந்து சொல்லணும். அவனுக்கு எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு பாக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு தம்பி. திசைகாட்டியைக்கூட எடுத்து வச்சிருக்கேன், அன்னைக்கு அவங்கிட்ட வடக்கு எந்தப் பக்கம்னு சொல்ல. கத்தி எங்க வீட்டுக்குத் திரும்பி வந்துரும். பரிவட்டம் வந்துரும். ஒருத்தருக்கும் தெரியாது. கத்தி ஒடியிறது உலகத்துல இல்லாததா?

இதைத்தான் நெனச்சு நெனச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க வர்றதுக்குச் செத்த முன்னால இந்தக் கத்தியை மடியிலயே வச்சுட்டேன், எந்திரிச்சும் நின்னுட்டேன். அப்பத்தான் ஒண்ணு தோணுச்சு. வீரணன் தோத்தா எனக்குச் சந்தோசந்தான். ஆனா கத்தி ஒடிஞ்சா அந்த அறுபது பேரும் என்ன சொல்லுவான்? செகப்பி வச்ச பதம் ஒடிஞ்சு போச்சும்பான். எல்லைக் கல்லுகிட்ட அவ சட்டியோட நின்னுக்கிட்டு இருப்பா. நாப்பது பொம்பளைங்களும் அவளைத் திரும்பிப் பாப்பாங்க. நான் தோத்தன்னைக்கு எனக்கு ஒரு மொகந்தான் போச்சு. அதுவும் எம் புத்திக்குப் போச்சு. இவ இருபத்தொரு வருசம் தீட்டி, ஒரு தடவைகூடத் தோத்ததில்ல. நான் தோத்த வருசத்துலகூட அவ தோக்கல, அந்தக் கத்தியில அவ கை படவே இல்லையே. மறுபடியும் உக்காந்துட்டேன்.

அந்தா, ஆசாரி எந்திரிச்சுட்டாரு. ஆசாரி, இதைக் கட்டிக் குடுங்க. சத்தம் கேக்குதே, இது. அந்த இன்னொண்ணு இருக்குல்ல, அதை உருக்க வேணாம், நல்லா மினுக்கிக் கோயமுத்தூர் தம்பிக்குக் குடுங்க. அவரு சுவத்துலதான் மாட்டப் போறாரு, சுவத்துக்கு மூட்டு கிடையாது. என்ன தம்பி, நல்ல கத்திதான் வேணுமா? இப்ப உங்களுக்கும் ஆசை வந்துருச்சா. அப்ப இன்னொண்ணு அடிக்கச் சொல்லுங்க, ரெண்டு நாள் ஆகும்.

என்ன ஆசாரி? பேரு வெட்டணுமா? ஆமா, கத்தியில எழுத்து வேணும்னு அவன் சொல்லித்தான் விட்டான். 'வீ'ன்னு போடச் சொன்னான்.

அவன் கிடக்கான். 'செகப்பி'ன்னு வெட்டுங்க. புடிக்கிறது யாரா வேணும்னாலும் இருந்துட்டுப் போகட்டும், எங்க வீட்டு எழுத்து அதுல இருக்கணும். அவன் கேட்டா நான் பாத்துக்கிறேன். எடம் பத்தும், நாலெழுத்துத்தானே. நல்லாப் பிடியை ஒட்டி வெட்டுங்க ஆசாரி, பதம் வைக்கிற பக்கம் உளி பட்டுருச்சுன்னா என்னையத்தான் திட்டுவா.